மவுஸைத் தொடாமல் ஃபைலுக்குப் போவது எப்படி?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: வரிக் கணக்கு பார்க்கும் அலுவலகம், விண்டோஸ் 11 கணினி. டி டிரைவில் நூற்றுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் ஃபோல்டர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் நிதியாண்டு வாரியாக உள் ஃபோல்டர்கள். ஒரு சலானையோ ரிட்டனையோ திறக்க ஐந்தாறு டபுள் கிளிக் தேவைப்படுகிறது. பெயர்கள் பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில். நாள் முழுக்க இதே வேலையாக இருப்பதால் மணிக்கட்டு வலிக்கிறது. இதை வேகப்படுத்த என்ன வழி?

இதில் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஃபைல் இருக்கும் இடம் தெரிந்து அங்கே போவது ஒன்று. எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தேடுவது இன்னொன்று. முதல் வேலைக்குக் கீபோர்டே போதும், புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. இரண்டாவதற்கு எத்தனை ஷார்ட்கட் மனப்பாடம் செய்தாலும் உதவாது, அதற்கு ஒரு நல்ல தேடல் மென்பொருள் வேண்டும். இரண்டையும் டபுள் கிளிக்கால் செய்வதால்தான் கை ஓய்கிறது. எனவே இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் விசை எழுத்துகளையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

தெரிந்த இடத்துக்குப் போவது

விண்டோஸ் விசை + ஈ அழுத்தினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். இது பலருக்கும் தெரியும். ஃபோல்டர் பட்டியலில் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்தாலே கர்சர் அங்கே தாவும் என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. தேடல் பெட்டியில் கிளிக் செய்ய வேண்டாம், பட்டியல் திறந்திருக்கும்போது நேரடியாக அடித்தால் போதும். எழுத்துகளைத் தொடர்ச்சியாக அடிக்க வேண்டும். ஒரு விநாடி அளவுக்கு நிறுத்தினால், அடுத்து அடிப்பதைப் புதிய பெயரின் முதல் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அந்த எழுத்தில் தொடங்குபவை ஒவ்வொன்றாக வரும். சரியான இடத்துக்கு வந்ததும் என்டர். மேல் ஃபோல்டருக்குத் திரும்ப ஆல்ட் + மேல் அம்பு, முன்பு பார்த்த இடத்துக்குப் போக ஆல்ட் + இடது அம்பு.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அப்போது பேக்ஸ்பேஸ் மேல் ஃபோல்டருக்குக் கொண்டுபோகும். விஸ்டாவிலிருந்து அது "முன்பு இருந்த இடம்" என்று மாறிவிட்டது. தேடல் முடிவிலிருந்து ஒரு ஃபோல்டருக்குள் போய் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் மேலே போகாமல் தேடல் பக்கத்துக்கே திரும்புவது இதனால்தான். ஆல்ட் + மேல் அம்பையே பழகிக்கொள்ளுங்கள்.

எழுத்தடித்துத் தாவும் இந்த வசதி இரண்டு காரணங்களால் கைவிடும். முதல் காரணம் குவியம், அதாவது நீங்கள் அடிக்கும் எழுத்து போய்ச்சேரும் இடம், வேறு எங்கோ இருப்பது. இடதுபுறப் பலகத்திலோ முகவரிப் பட்டையிலோ கர்சர் நின்றால், அடிக்கும் எழுத்து ஃபைல் பட்டியலுக்குப் போய்ச் சேராது. எஃப்6 விசையை ஒவ்வொரு முறையாக அழுத்தினால் குவியம் பலகத்துக்குப் பலகம் நகரும். பட்டியலில் ஒரு பெயரைச் சுற்றிக் கோடு தெரிந்ததும் நிறுத்துங்கள்.

இரண்டாவது காரணம் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கே உரியது. கடிதம் ஒன்றைத் தமிழில் அடித்துவிட்டு எக்ஸ்ப்ளோரருக்கு வந்தால் தமிழ்99 விசைப்பலகை இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும். ஆங்கிலப் பெயருக்காக எச் விசையை அழுத்தினால் கணினிக்குப் போவது "க". கர்சர் அசையாது. கணினி மெதுவாகிவிட்டது என்று நினைத்துப் பலர் மவுஸை எடுப்பது இந்த இடத்தில்தான். விண்டோஸ் விசை + ஸ்பேஸ் அழுத்தினால் விசைப்பலகை மாறும். ஒவ்வொரு முறையும் மாற்றுவது தொல்லை என்றால், செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் டைப்பிங், அதில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் போங்கள். ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி விசைப்பலகை வைத்துக்கொள்ளும் தேர்வு அங்கே இருக்கிறது. அதை டிக் செய்தால் வேர்டு தமிழிலும் எக்ஸ்ப்ளோரர் ஆங்கிலத்திலும் தனித்தனியாக நிற்கும்.

உங்கள் அலுவலகத்துக்கு இதைவிட நல்ல தீர்வு எண்கள். வாடிக்கையாளர் ஃபோல்டர் பெயரின் தொடக்கத்தில் 001, 002, 047 என்று மூன்று இலக்க எண் கொடுங்கள், பெயர் அதன் பின்னால் வரட்டும். எண் விசைகள் தமிழ்99-லும் ஆங்கிலத்திலும் அதே எண்ணைத்தான் தரும். எந்த மொழி இயங்கினாலும் 0, 4, 7 என்று அடித்தால் நேராக அந்த வாடிக்கையாளரிடம் போய் நிற்கும். நிதியாண்டு ஃபோல்டரை 2024-25 என்ற வடிவில் வைத்தால் உள்ளே போனதும் 2024 என்று அடித்தால் போதும். முன்னால் சுழியம் சேர்ப்பதை விடாதீர்கள். எக்ஸ்ப்ளோரர் 2-ஐ 10-க்கு முன்னால் சரியாக அடுக்கும், ஆனால் வேறு மென்பொருள்கள் பல 10-ஐ முன்னால் வைத்துவிடும்.

இதே காரணத்தால், எல்லா ஃபைல் பெயரும் "இன்வாய்ஸ்" என்றே தொடங்குவது கெடுதல். முதல் 7 ஆங்கில எழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால் எழுத்தடித்துத் தாவ முடியாது. வேறுபடுத்தும் பகுதி முதலில் வர வேண்டும். தேதி என்றால் 2025-03-14 என ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகவும் இருக்கும்.

பழைய ஃபோல்டர்களுக்கு எண் சேர்க்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு எக்செல் ஃபைல் இன்னொரு எக்செல் ஃபைலிலிருந்து தொகையை எடுக்கும்படி இணைப்பு கொடுத்திருந்தால், அந்த இணைப்பில் ஃபோல்டர் பாதை எழுதப்பட்டிருக்கும். ஃபோல்டர் பெயர் மாறினால் இணைப்பு அறுந்துவிடும். அப்படி இணைப்பு உள்ள ஃபோல்டர்களை இப்போது விட்டுவிட்டு, அடுத்த நிதியாண்டு தொடக்கத்தில் மாற்றுங்கள்.

முகவரிப் பட்டைக்குப் போக கன்ட்ரோல் + எல். அங்கே டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி (:), பின்சாய்கோடு (\) அடித்ததும் உள்ளே இருப்பவை கீழே பட்டியலாக விரியும். சில எழுத்து அடித்து, கீழ் அம்பால் தேர்ந்து, மீண்டும் பின்சாய்கோடு அடித்தால் அடுத்த நிலை விரியும். நான்கு நிலை ஆழத்துக்கு ஒரே மூச்சில் இறங்கிவிடலாம். அதே பட்டையில் சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டினால், கமாண்ட் பிராம்ப்ட் அந்த ஃபோல்டரிலேயே திறக்கும். தற்காலிக ஃபைல்கள் கிடக்கும் இடத்துக்கு, டெம்ப் என்ற சொல்லின் இருபுறமும் % குறி போட்டு அடித்தால் போதும்.

விண்டோஸ் 11-இல் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்துவிட்டது. டேப் என்ற சொல்லின் முதல் எழுத்தோடு கன்ட்ரோலை அழுத்தினால் புது டேப், கன்ட்ரோல் + டபிள்யூ அழுத்தினால் மூடும், கன்ட்ரோல் + டேப் விசை அடுத்ததற்குத் தாவும். ஒரு வாடிக்கையாளரின் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட இது நல்ல வசதி. ஆனால் பத்துப் பன்னிரண்டு டேப் திறந்து வைத்தால் எது எது என்று தேடுவதிலேயே நேரம் போகும். மூன்று நான்குக்கு மேல் வேண்டாம்.

ஒரே சொல்லில் ஃபோல்டரைத் திறப்பது

தினமும் பத்துத் தடவைக்கு மேல் போகும் இடங்கள் ஆறோ ஏழோ இருக்கும். அவற்றுக்கு எந்த மென்பொருளையும் நிறுவாமல் ஒரு வழி உண்டு. இது மிகவும் பழைய உத்தி. ஆனாலும் இதற்கு இணையான வேகம் வேறு எதிலும் கிடைப்பதில்லை.

சி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள், பெயர் "கோ" என்று ஆங்கில இரண்டு எழுத்தில் இருக்கட்டும். அடிக்கடி போகும் ஃபோல்டரை ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டே இதற்குள் இழுத்துவிட்டால், ஃபோல்டர் நகராது, அதற்கான ஷார்ட்கட் மட்டும் உருவாகும். அந்த ஷார்ட்கட்டை எஃப்2 அழுத்தி இரண்டு மூன்று ஆங்கில எழுத்துப் பெயராக மாற்றுங்கள். ஜிஎஸ்டி ரிட்டன்களுக்கு "ஜிஎஸ்", சம்பளப் பட்டியலுக்கு "சம்" என்பதுபோல. இனி ஸ்டார்ட் மெனுவில் "என்விரான்மென்ட்" என்று ஆங்கிலத்தில் அடித்தால், உங்கள் கணக்குக்கான என்விரான்மென்ட் வேரியபிள்களைத் திருத்தும் தேர்வு வரும். அதில் பாத் என்ற வரியை (அடிக்கும் பெயரை விண்டோஸ் எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற பட்டியல்) தேர்ந்து, எடிட், பிறகு நியூ, பிறகு அந்த "கோ" ஃபோல்டரின் முழுப் பாதை, ஓகே.

அவ்வளவுதான். விண்டோஸ் விசை + ஆர் அழுத்தினால் ரன் பெட்டி வரும், அதில் "ஜிஎஸ்" அடித்து என்டர் தட்டினால் ஃபோல்டர் திறந்துவிடும். எந்த மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தாலும் இது நடக்கும். உடனே வேலை செய்யவில்லை என்றால் ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள். பாத் வரியில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளை அழித்துவிடாதீர்கள், வேறு மென்பொருள்கள் அவற்றை நம்பியிருக்கும். ஷார்ட்கட்டுக்கு விண்டோஸ் கட்டளையின் பெயரையும் வைக்காதீர்கள். "கால்க்" என்று வைத்தால் கால்குலேட்டர்தான் வரக்கூடும்.

இதற்கு மாற்றாக, ஷார்ட்கட்டின் பிராப்பர்டீஸில் கன்ட்ரோல் + ஆல்ட் + ஏதாவது ஒரு எழுத்து என்று நேரடி விசை கொடுக்கலாம். ஆனால் அந்த ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் விசை வேலை செய்யும். வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியதும் நின்றுவிடும், காரணம் தெரியாமல் பலர் குழம்புவார்கள். எழுத்துகளும் சீக்கிரம் தீர்ந்துபோகும். நான் ரன் பெட்டி வழியையே பரிந்துரைப்பேன்.

ஓப்பன், சேவ் பெட்டிகள்

அலுவலக வேலையில் அதிக நேரம் வீணாவது எக்ஸ்ப்ளோரரில் அல்ல, சேவ் ஆஸ் பெட்டியில். எக்செல்லிலும் வேர்டிலும் ஃபைல் மெனுவுக்குப் போனால் முதலில் முழுத்திரைப் பக்கம் வரும், அங்கிருந்து பிரவுஸ் அழுத்த வேண்டும். எஃப்12 அழுத்தினால் அந்தப் பக்கம் வராமல் நேராக சேவ் ஆஸ் பெட்டி திறக்கும். கன்ட்ரோல் + எஃப்12 அழுத்தினால் ஓப்பன் பெட்டி.

பெட்டி திறந்தவுடன் கர்சர் ஃபைல் பெயர்க் கட்டத்தில் நிற்கும். அந்தக் கட்டம் பெயருக்கு மட்டுமல்ல, முழுப் பாதையையும் ஏற்கும். எனவே இப்படிச் செய்யுங்கள்: எக்ஸ்ப்ளோரரில் போய்ச்சேர வேண்டிய ஃபோல்டர் ஏற்கெனவே திறந்திருக்கும் அல்லவா, அங்கே கன்ட்ரோல் + எல், கன்ட்ரோல் + சி. பாதை நகலாகிவிட்டது. எக்செல்லுக்கு வந்து எஃப்12, ஹோம் விசை, கன்ட்ரோல் + வி, ஒரு பின்சாய்கோடு, என்டர். ஃபோல்டர் ஃபோல்டராக இறங்காமல் ஃபைல் உரிய இடத்தில் சேவ் ஆகிவிடும். ஹோம் விசையை மறந்தால் இருக்கும் பெயர் அழிந்து பாதை மட்டும் நிற்கும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11-இல் ஒரு ஃபைலையோ ஃபோல்டரையோ தேர்ந்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி அழுத்தினால் அதன் முழுப் பாதை நகலாகும். மின்னஞ்சலில் ஒரு ஃபைலை இணைக்கும்போது இது மிக உதவும்: இணைப்புப் பெட்டியில் ஒட்டி என்டர் அடித்தால் போதும். ஆனால் அந்தப் பாதை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வரும். ஒரு முழுப் பாதையாக ஒட்டும்போது மேற்கோள் குறியால் சிக்கல் இல்லை. அதன் பின்னால் பின்சாய்கோடும் பெயரும் சேர்த்தால் "பெயர் செல்லாது" என்று பிழை வரும். சேவ் பெட்டிக்கு கன்ட்ரோல் + எல் வழி, ஓப்பன் பெட்டிக்கு கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி வழி என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

ஓப்பன் பெட்டியின் பெயர்க் கட்டத்தில் நட்சத்திரக் குறி, புள்ளி, ஃபைல் வகை எழுத்துகள் அடித்து என்டர் தட்டினால், அந்த வகை மட்டும் பட்டியலில் மிஞ்சும். பட்டியலில் அலைந்த பிறகு பெயர்க் கட்டத்துக்குத் திரும்ப ஆல்ட் + என்.

இவ்வளவும் கையால் செய்வது அலுப்பு என்றால் லிஸ்டரி என்ற சிறு மென்பொருள் இருக்கிறது. ஓப்பன் அல்லது சேவ் பெட்டி திறந்திருக்கும்போது கன்ட்ரோல் + ஜி அழுத்தினால், எக்ஸ்ப்ளோரரில் திறந்திருக்கும் ஃபோல்டருக்கே அந்தப் பெட்டியும் தாவும். இந்த ஒரு வசதிக்காகவே அதை நிறுவலாம்.

எங்கே என்று தெரியாததைத் தேடுவது

எக்ஸ்ப்ளோரரின் தேடல் பெட்டி டி டிரைவில் ஊர்ந்து போவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி வைப்பது பெரும்பாலும் உங்கள் பயனர் ஃபோல்டரையும் ஸ்டார்ட் மெனுவையும்தான். டி டிரைவ் அந்த அட்டவணையில் இல்லை. எனவே ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்துத் தேடுகிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் தேடலுக்கான பக்கத்தில் கிளாசிக் என்பதை என்ஹான்ஸ்டு என்று மாற்றினால் முழுக் கணினியும் அட்டவணைக்குள் வரும். முதல் முறை அட்டவணை முடிய நேரமாகும், அதை அலுவலகம் முடிந்த பிறகு ஓடவிடுங்கள். ஃபைலின் உள்ளே இருக்கும் சொல்லைத் தேட இது வேண்டும்.

பெயரை மட்டும் தேட, வாய்ட்டூல்ஸ் வெளியிடும் எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருளுக்கு ஈடு இல்லை. அதன் வேகத்துக்குக் காரணம் அது ஃபோல்டர்களைத் திறந்து பார்ப்பதே இல்லை. விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் எல்லா ஃபைல் பெயர்களும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற ஒரே பட்டியலில் இருக்கும். எவ்ரிதிங் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துக்கொள்கிறது. அதன் பிறகு வரும் மாற்றங்களை டிரைவ் எழுதிவைக்கும் மாற்றப் பதிவேட்டிலிருந்து தெரிந்துகொள்கிறது. பத்து லட்சம் ஃபைல் இருந்தாலும் முதல் அட்டவணைக்கு ஒரு நிமிடம் அளவுதான் ஆகும், அதன்பின் எழுத்து அடிக்க அடிக்க முடிவு வரும்.

நிறுவும்போது எவ்ரிதிங் சர்வீஸ் என்ற தேர்வை டிக் செய்யுங்கள். மாஸ்டர் ஃபைல் டேபிளைப் படிக்க நிர்வாகி உரிமை வேண்டும். சர்வீஸ் இருந்தால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்காது. பலர் பயன்படுத்தும் கணினியில் இதனால் ஒரு பின்விளைவும் உண்டு: மற்றவர்களின் ஃபைல் பெயர்களும் தேடலில் தெரியும். திறக்க முடியாது, ஆனால் பெயரே ரகசியமாக இருக்கும் இடத்தில் இதை யோசித்து நிறுவுங்கள்.

ஆப்ஷன்ஸில் கீபோர்டு பகுதியில் எவ்ரிதிங் விண்டோவை வரவழைக்க ஒரு விசைக்கூட்டு கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் ஐகானைத் தேடிக் கிளிக் செய்து பாதி வேகத்தை இழக்கிறார்கள். பிறகு தேடும் முறை: இடைவெளி விட்டு எழுதும் சொற்கள் எல்லாம் பெயரில் இருக்க வேண்டும், வரிசை முக்கியமில்லை. ஆச்சரியக் குறியை ஒரு சொல்லின் முன்னால் ஒட்டினால் அந்தச் சொல் உள்ளவை நீங்கும். ஈஎக்ஸ்டி, முக்காற்புள்ளி, பிடிஎஃப் என்றால் அந்த வகை மட்டும். டிஎம், முக்காற்புள்ளி, டுடே என்றால் இன்று மாற்றப்பட்டவை மட்டும். நேற்று மாலை எங்கேயோ சேவ் செய்து தொலைத்த எக்செல்லைக் கண்டுபிடிக்க, இதில் டுடேக்குப் பதில் எஸ்டர்டே என்று அடித்து எக்செல் வகையையும் சேர்த்தால் போதும், பெயரே நினைவில் இல்லாவிட்டாலும்.

மேலே சொன்ன மூன்று இலக்க எண்கள் இங்கேயும் கைகொடுக்கும். எவ்ரிதிங் இயல்பாக ஃபைல் பெயரில் மட்டும்தான் தேடும். தேடும் சொல்லில் பின்சாய்கோடு இருந்தால் முழுப் பாதையிலும் தேடும். \047 என்று எழுதி, இடைவெளி விட்டு, சலான் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதினால், 047-ஆம் வாடிக்கையாளரின் எல்லா ஆண்டு சலான்களும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். முடிவில் ஒன்றைத் தேர்ந்து என்டர் அழுத்தினால் ஃபைல் திறக்கும், கன்ட்ரோல் + என்டர் அழுத்தினால் அது இருக்கும் ஃபோல்டர் திறக்கும்.

அலுவலக சர்வரின் பகிர்வு ஃபோல்டர், கூகுள் டிரைவின் மெய்நிகர் டிரைவ், எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் ஆகியவற்றில் மாஸ்டர் ஃபைல் டேபிள் கிடைக்காது. ஆப்ஷன்ஸில் இண்டெக்ஸஸ், அதில் ஃபோல்டர்ஸ் பகுதியில் அவற்றைக் கையால் சேர்க்க வேண்டும். அவற்றை எவ்ரிதிங் குறித்த நேரத்தில் மறுபடி படிக்கும். எனவே சர்வரில் பக்கத்து மேசைக்காரர் ஐந்து நிமிடம் முன்பு வைத்த ஃபைல் தேடலில் வராமல் போகலாம். அது மென்பொருளின் பழுது அல்ல, மறுபடி படிக்கும் கால அளவைக் குறைத்தால் சரியாகும்.

தமிழ்ப் பெயர்கள் தேடலில் சிக்காமல் போவது

"கொள்முதல்" என்று ஒரு ஃபைல் கண்முன்னே இருக்கும், தேடினால் வராது. காரணம் யூனிகோடில் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை "க" + "ொ" என இரண்டு குறியீடாகவும் எழுதலாம், "க" + "ெ" + "ா" என மூன்று குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. விண்டோஸின் ஃபைல் அமைப்பு இவற்றை ஒன்றாக்குவதில்லை, பார்வைக்கு ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் ஒரே ஃபோல்டரில் இருக்கக்கூட முடியும். சில மேக் கணினிகளிலிருந்து வரும் ஃபைல்களிலும் பழைய தட்டச்சு மென்பொருள்களில் எழுதிய பெயர்களிலும் பிரித்தெழுதிய வடிவம் வரும். ஒ, ஓ, ஔ உயிர்மெய்கள் மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தேடும்போது அந்த எழுத்தை விட்டுவிட்டு "ள்முதல்" என்று மட்டும் அடித்தால் இரண்டு வடிவமும் சிக்கும்.

ஔகாரத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். "கௌரி" என்பதைப் பலர் கெ, ள, ரி என்று மூன்று எழுத்தாக, "கெளரி" என்று அடித்திருப்பார்கள். இது எழுத்துப் பிழை, குறியீட்டு வேறுபாடு அல்ல, எந்த மென்பொருளும் தானாகச் சரிசெய்யாது. எவ்ரிதிங்கில் இரண்டு வடிவங்களுக்கும் நடுவே நேர்க்கோட்டுக் குறி | போட்டால் இரண்டில் எது இருந்தாலும் காட்டும். பிழையானவற்றைக் கண்டதும் பெயர் மாற்றிவிடுவதே நல்லது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு ஆவணங்களின் உள்ளடக்கத்தை யூனிகோடு தமிழில் தேடினால் ஒருபோதும் கிடைக்காது. உள்ளே இருப்பது ரோமன் எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்வரை ஃபைல் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

திறக்காமல் பார்ப்பது, பெயர் மாற்றுவது

மூன்று பிடிஎஃப்-இல் எது சரியானது என்று பார்க்க மூன்றையும் திறக்க வேண்டாம். ஆல்ட் + பி (பிரிவ்யூவின் முதல் எழுத்து) அழுத்தினால் வலப்புறத்தில் முன்னோட்டம் வரும், அம்பு விசையால் மேலும் கீழும் நகர்ந்தபடி பார்க்கலாம். முன்னோட்டம் திறந்திருக்கும்போது அதே ஃபைலை அழிக்கவோ பெயர் மாற்றவோ போனால், வேறு நிரல் பயன்படுத்துவதாகச் செய்தி வரலாம். ஆல்ட் + பி மறுபடி அழுத்தி மூடிவிட்டு மாற்றுங்கள்.

2025 அக்டோபர் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல்களுக்கு முன்னோட்டம் வராமல் எச்சரிக்கைச் செய்தி மட்டும் வருகிறது. மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே செய்த மாற்றம் இது. நம்பகமான இடத்திலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்த ஃபைலுக்கு மட்டும் ஆல்ட் + என்டர் அழுத்தி, பிராப்பர்டீஸில் அன்பிளாக் டிக் செய்யுங்கள். முன்பின் தெரியாத மின்னஞ்சல் இணைப்புக்குச் செய்ய வேண்டாம்.

பெயர் மாற்ற எஃப்2 அழுத்திப் புதுப் பெயர் அடித்ததும் என்டருக்குப் பதில் டேப் விசையை அழுத்துங்கள். அடுத்த ஃபைல் பெயர் மாற்றத் தயாராக நிற்கும். ஸ்கேன் செய்த முப்பது பக்கங்களுக்கு இந்த ஒரு விசையால் வேலை பாதியாகக் குறையும். எல்லாப் பெயரிலும் ஒரே மாற்றம் என்றால் மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸில் உள்ள பவர்ரீநேம் போதும். மாற்றும் முன்பே பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். தவறு நடந்தால் உடனே கன்ட்ரோல் + இசட்.

ஃபோல்டரே மெதுவாகத் திறந்தால்

படங்களும் ஸ்கேன்களும் அதிகம் உள்ள ஃபோல்டரை விண்டோஸ் "பிக்சர்ஸ்" வகை என்று முடிவுசெய்துவிடும். பிறகு ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ள ஃபைல்களின் விவரங்களைப் படித்துவிட்டுத்தான் பட்டியலைக் காட்டும். பிராப்பர்டீஸில் கஸ்டமைஸ் பகுதியில் ஜெனரல் ஐட்டம்ஸ் என்று மாற்றி, உள் ஃபோல்டர்களுக்கும் பொருந்தும் கட்டத்தை டிக் செய்யுங்கள். எக்ஸ்ப்ளோரர் தொடக்கத்திலேயே உறைந்து நின்றால், குவிக் அக்சஸில் இப்போது அணைந்திருக்கும் சர்வரின் ஃபோல்டர் ஏதாவது பின் செய்யப்பட்டிருக்கிறதா பாருங்கள். அது பதில் சொல்லும் என்று எக்ஸ்ப்ளோரர் காத்துக்கொண்டிருக்கும்.

ஆழமான ஃபோல்டர்களில் இன்னொரு தடை பாதையின் நீளம். எக்ஸ்ப்ளோரருக்கு முழுப் பாதையும் 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும். எக்செல்லுக்கு வரம்பு இன்னும் குறைவு, ஃபைல் பெயரையும் சேர்த்து 218. தமிழில் இந்த வரம்பு சீக்கிரம் தீரும், ஏனென்றால் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். "வருமானவரி" கண்ணுக்கு 6 எழுத்து, கணினிக்கு 9. ஜிப்பை விரிக்கும்போது பாதை நீளம் என்று பிழை வந்தால், டி டிரைவின் மேல்மட்டத்திலேயே ஒரு சிறு பெயர் ஃபோல்டரில் விரியுங்கள். ஏற்கெனவே ஆழத்தில் மாட்டிக்கொண்ட ஃபைலைத் திறக்க, கமாண்ட் பிராம்ப்டில் சப்ஸ்ட், இடைவெளி, எக்ஸ்:, இடைவெளி, மேற்கோள் குறிக்குள் ஃபோல்டர் பாதை என்று அடித்தால் அந்த ஃபோல்டர் எக்ஸ் டிரைவாகத் தெரியும், பாதை குறுகிவிடும். கணினியை மறுபடி தொடங்கினால் இது மறைந்துவிடும். நிர்வாகி உரிமையோடு இயங்கும் மென்பொருள்களுக்கும் இந்த டிரைவ் தெரியாது.

இரு பலக மென்பொருள்கள்

ஃபைல்களைத் திறப்பதைவிட இடம் மாற்றுவதே அதிகம் என்றால் டோட்டல் கமாண்டரைப் பாருங்கள். 1993 முதல் வரும் மென்பொருள், ஷேர்வேர் (சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டும் வகை). இடம் ஒரு ஃபோல்டர், வலம் ஒரு ஃபோல்டர், நடுவே தாவ டேப் விசை. எஃப்5 நகலெடுக்கும், எஃப்6 நகர்த்தும், எஃப்7 புது ஃபோல்டர். கன்ட்ரோல் + டி (டைரக்டரியின் முதல் எழுத்து) அழுத்தினால் நீங்கள் சேமித்த இடங்களின் பட்டியல். கட்டணம் வேண்டாம் என்பவர்களுக்கு அதே விசைகளோடு டபுள் கமாண்டர் இலவசமாகக் கிடைக்கிறது. பழக ஓரிரு வாரம் ஆகும். ரிட்டன் தாக்கல் நெருக்கடி இருக்கும் வாரத்தில் தொடங்க வேண்டாம்.

எதை நிறுவினாலும் விசை மோதலைக் கவனியுங்கள். பவர்டாய்ஸ் ரன் (பவர்டாய்ஸில் உள்ள, மென்பொருள்களைத் தேடித் திறக்கும் பெட்டி) இயல்பாக ஆல்ட் + ஸ்பேஸைக் கேட்கும், வேறு சில மென்பொருள்களும் அதையே கேட்கும். முதலில் பதிவுசெய்த நிரலுக்குத்தான் விசை போகும். நேற்று வேலை செய்த ஷார்ட்கட் இன்று வேலை செய்யவில்லை என்றால், கணினி தொடங்கும்போது எது முந்தியது என்பதே பெரும்பாலும் காரணம். பவர்டாய்ஸின் பீக் முன்னோட்டத்துக்கு இயல்பான விசை கன்ட்ரோல் + ஸ்பேஸ். தொடர்ச்சியில்லாத ஃபைல்களைக் கீபோர்டால் தேர்ந்தெடுக்க எக்ஸ்ப்ளோரர் பயன்படுத்துவதும் அதுவே: கன்ட்ரோலைப் பிடித்தபடி அம்பு விசையால் நகர்ந்து, வேண்டியதில் ஸ்பேஸ் தட்டுவது. பீக்கை நிறுவிய மறுநாள் இந்தத் தேர்வு முறை நின்றுபோனால், பவர்டாய்ஸ் செட்டிங்ஸில் பீக்கின் விசையை வேறாக மாற்றிவிடுங்கள், பழையபடி தேர்ந்தெடுக்கலாம்.